காருக்குத் தெரியாத கண்

இந்த நாட்டில் கார்கள் மனிதரோடு கதைக்கின்றன என்பது எனக்குப் புதினமில்லை. அவற்றைக் கதைக்க வைக்கும் மென்பொருளில்தான் என் சோறு இருக்கிறது. ஆனால் ஒரு நாள் பின்னேரம் என் கணவர் வேலையால் வந்து, வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கு உம்மடை கார் எனக்கு ஏசினது" என்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சுவீடனின் மேற்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன நகரத்தில், தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்வது அவருடைய வேலை. சாப்பாடு சூடாக்கிக் கொடுப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, காலுறை போட்டுவிடுவது. கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகர நிர்வாகம் அதற்காகச் சின்னக் கார்கள் வைத்திருக்கிறது. அந்த மாதம் பழையவற்றில் பலவற்றை மாற்றிப் புதியவை கொண்டுவந்தார்கள். புதிய காரில் ஏறிச் சற்றுத் தூரம் போனதும் ஒரு பெண் குரல் மிகவும் பணிவாக, "தித்தா போ வேகன்" என்றதாம். பாதையைப் பாருங்கள் என்று பொருள். இவர் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். சரி, இன்னும் வடிவாகப் பார்ப்போம் என்று நிமிர்ந்து இருந்தாராம். அடுத்த வளைவில் திரும்பவும் அதே குரல். அதற்குப் பிறகும் அது விடாததால், "பாக்கிறன் பிள்ளை" என்று தமிழில் பதில் சொல்லிப் பார்த்தாராம்.

ஊரில் பஸ்ஸில் ஏறினால், சாரதிக்குப் பின்னால் நிற்கும் எல்லாருமே சாரதிக்குப் புத்தி சொல்லுவார்கள். மாடு நிற்கிறது, ஆள் இறங்குது, கொஞ்சம் மெல்லமாக விடு தம்பி என்று ஏதாவது ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு மனிதர் இன்னொருவருக்கு அப்படிச் சொல்லமாட்டார். சொல்வது மரியாதையில்லை. அதனால்தான் அந்த வேலையைக் காரிடம் கொடுத்திருக்கிறார்களோ என்று அன்றைக்கு இருவரும் கதைத்துச் சிரித்தோம்.

என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் சிரமம். உடுவிலில் அம்மா அயலவர்களுக்கு, "மகள் அங்கை கார் செய்யிறா" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். நான் காரின் ஓர் ஆணியைக்கூடத் தொட்டதில்லை. இப்போதைய கார் ஒன்றுக்குள் பாட்டு, வரைபடம், தொலைபேசி, கதவுப் பூட்டு, முன்னாலும் பின்னாலும் பார்க்கும் கமராக்கள், தானாகப் பிடிக்கும் பிறேக் என்று எத்தனையோ வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எல்லாம் ஒரே கணினியிடம்தான் இடம் கேட்கும். எதை முதலில் விடுவது, எதைக் காத்திருக்கச் சொல்வது என்று தீர்மானிக்கும் இயங்குதளத்தில்தான் நான் வேலை செய்கிறேன். பாட்டு ஒரு கணம் நின்றால் ஒருவரும் சாகமாட்டார்கள். பிறேக் ஒரு கணம் பிந்தக்கூடாது. பெரிய வீதிகளில் இந்தக் கார்கள் கொஞ்ச நேரம் தாமாகவே ஓடும். ஆனால் ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்க, ஸ்ரேரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கமரா எப்போதும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை முகத்தில் பாய்ச்சி, இரண்டு கருமணிகளும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்க்கும். வீதியை விட்டு விலகி நின்றால் குரல் கொடுக்கும்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு விடயம் உடனே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சில நாட்கள் கழித்துக் காலைச் சாப்பாட்டில் அவர் யன்னலுக்கு எதிரே இருந்தார். மாரிகாலத்துச் சூரியன் இங்கே வானத்தில் ஏறுவதில்லை. நேரே முகத்துக்கு வரும். அந்த வெளிச்சத்தில் அவருடைய வலக்கண்ணின் கருமணி சுருங்கியது. இடக்கண்ணின் கருமணி அப்படியே இருந்தது. என் கையில் இருந்த பாண் துண்டு கையிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ வருடங்களாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறேன். அதில் ஒரு கண் கண்ணாடி என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

கல்யாணம் பேசிய காலத்தில் அவர் ஏற்கெனவே சுவீடனில்தான் இருந்தார். அளவெட்டிக்காரர், பெயர் குகன். விடுமுறைக்கு வந்தவர் எங்கள் உடுவில் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பெரியவர்கள் ஏதோ சாட்டுச் சொல்லி எழுந்து போனதும், அவர் என்னிடம் முதலில் சொன்னது இதைத்தான்: "என்ரை இடக்கண் கண்ணாடி. சின்ன வயசிலை ஷெல் பட்டுப் போனது. உமக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது." எங்கள் தலைமுறையில் எந்த வீட்டில்தான் ஒரு காயம் இல்லை? நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கண் நோகிறதா என்று மட்டும் கேட்டேன். குளிருக்குக் கொஞ்சம் நோகும் என்றார். நோகாது என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லாமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காலைக்குப் பிறகு நான் அலுவலகத்தில் மெதுவாக விசாரிக்கத் தொடங்கினேன். அதற்குள் என் கணவருடைய மேலாளர் மரியா அவரைக் கூப்பிட்டுவிட்டார். கார் எடுக்கும் படம் காரை விட்டு வெளியே போகாது. ஆனால் எந்த ஓட்டுநருக்கு எத்தனை தரம் எச்சரிக்கை கொடுத்தது என்ற கணக்கு கொம்யூன் அலுவலகத் திரைக்குப் போகும். மற்றவர்களுக்கு எப்போதாவது ஒன்று. இவருடைய பெயருக்கு நேரே எல்லாம் சிவப்பு. மரியா நல்ல மனிசி. கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாம் நலமா, நித்திரை வருகிறதா, வண்டி ஓடும்போது தொலைபேசி பார்க்கிற பழக்கம் உண்டா என்று கேட்டாராம். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியிருக்கிறார். நாங்கள் தலையை ஆட்டுவது ஓமா இல்லையா என்று இங்கே யாருக்கும் தெரிவதில்லை. தொலைபேசி பார்ப்பதை ஒத்துக்கொண்டார் என்றே மரியா எடுத்துக்கொண்டார். விடயம் தெளிவாகும் வரைக்கும் நகரத்தின் நடுவில் நடந்து போகக்கூடிய வீடுகளை மட்டும் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதனால் கடலோரப் பாறை மேட்டில் இருக்கும் சிக்னேயின் வீடு இன்னொருவருக்குப் போனது. சிக்னே கண்பார்வை மங்கிய, வாய் நிறையக் கதை வைத்திருக்கும் ஒரு முன்னாள் ஆசிரியை. காலடிச் சத்தத்தை வைத்தே இவர் வருவதைக் கண்டுபிடித்துவிடுவாராம். குகன் என்ற பெயர் அவருடைய வாயில் கூகா. கூகா எங்கே என்று அவர் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த செய்தி இவருக்கும் வந்து சேர்ந்தது.

"கண்ணைப் பற்றி மரியாவுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா, எப்பிடிப் போனது எண்டு கேப்பினம்."

"கேட்டாச் சொல்லுங்கோவன், ஷெல் எண்டு."

அவர் கோப்பையைக் கழுவித் துடைத்து, தட்டில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஷெல் இல்லை, மைதிலி" என்றார்.

அளவெட்டி வீட்டின் பின்வளவில் ஒரு மாமரம் நின்றிருக்கிறது. அவருடைய அண்ணை தவராசா, அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், கெற்றப்போலில் கல் வைத்து மாங்காய் அடித்துக்கொண்டிருந்தாராம். கவர்த்தடியில் சைக்கிள் ரியூப் கட்டி அவரே செய்த கெற்றப்போல். விழுந்த காயைப் பொறுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் போன தம்பி, காயோடு மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். அவ்வளவுதான். அந்தக் கிழமை பக்கத்து ஒழுங்கையில் ஷெல் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் காயக்காரர். டொக்டர் கேட்டபோது அவர்களுடைய அம்மா ஷெல் என்று சொல்லிவிட்டார். தகப்பனுக்கு உண்மை தெரிந்தால் மூத்தவனை உயிரோடு விடமாட்டார் என்ற பயம். அன்றைக்கு ஒரு நாளைக்காகச் சொன்ன பொய். தகப்பனும் தாயும் போன பிறகும் அது நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அண்ணன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. தோட்டத்தில் இறங்கித் தம்பியைப் படிக்க வைத்தார், பிறகு வெளியே அனுப்பினார்.

எனக்கும் அந்தப் பொய்தான் இத்தனை காலம் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு சின்ன நோவு வந்தது உண்மை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நோவை வளர்க்க என்னால் முடியவில்லை. "அப்ப இவைக்கும் அதையே சொல்லலாம்தானே" என்றேன்.

"ஊரிலை ஷெல் எண்டா, ஓ எண்டிட்டுப் போயிடுவினம். அங்கை எல்லாருக்கும் ஒண்டு இருக்கு. இஞ்சை அப்பிடிச் சொன்னா கண் கலங்குவினம். ஒரு பொய்க்கு மனுசரை அழவிடக்கூடாது."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. அண்ணைக்கு அது எங்கை கேக்கப் போகுது?"

"எனக்குக் கேக்கும்" என்றார்.

நான் அதற்குப் பிறகு அவரை நெருக்கவில்லை. அலுவலகத்தில் முகக் கமராப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் உல்ரிக்கா. நாட்டின் வடகோடியில் இருந்து வந்தவர், அதிகம் கதைக்காத பெண். மூக்குக் கண்ணாடி, வெயில் கண்ணாடி, ஒன்றரைக் கண் என்று பலவிதமான முகங்களை அவர்கள் சோதித்திருந்தார்கள். கண்ணாடிக் கண் வைத்தவரை அந்தக் காரின் முன் ஒருவரும் உட்கார வைத்திருக்கவில்லை. இரண்டு கண்களும் இரண்டு திசை சொன்னால் மென்பொருள் இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு திசையை எடுத்துக்கொள்கிறது. அந்தத் திசையில் வீதி இருக்காது. திருத்தலாம், ஆனால் உண்மையான ஒரு மனிதர் வேண்டும் என்றார் உல்ரிக்கா. யாரையாவது தெரியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னேன். வாருங்கள் என்று கேட்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தாமல் அவர் அந்தக் கண்ணைக் கழற்றி நான் கண்டதில்லை. அந்நியர் சூழ்ந்து நின்று அதையே உற்றுப் பார்க்கும் இடத்துக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே தொலைபேசியை எடுத்து அளவெட்டிக்கு அழைத்தார். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். திரையில் தவராசா அண்ணை தோட்டத்து வெங்காயத் தறையில் நின்றார். பின்னால் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். இவர் காரைப் பற்றித் தொடங்கி, கமராவைப் பற்றி, மரியாவைப் பற்றி, சிக்னேயைப் பற்றி என்று சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணைக்குக் கண்ணில்தான் ஏதோ வருத்தம் என்று பட்டிருக்க வேண்டும். "உனக்குக் கண் நோகுதோ?" என்று இடையில் மறித்துக் கேட்டார்.

"இல்லை அண்ணை. இஞ்சை எப்பிடிப் போனது எண்டு கேக்கப் போகினம். உள்ளதைச் சொல்லட்டோ?"

அண்ணை திரையை விட்டு விலகினார். வானமும் ஒரு பனை வடலியின் ஓலையும்தான் கொஞ்ச நேரம் தெரிந்தன. இயந்திரத்தின் சத்தம் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் நினைக்கும்போது அவருடைய முகம் திரும்பி வந்தது.

"நீ இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இப்பதான் இவவுக்குச் சொன்னனான்."

"நான் என்ரை பிள்ளையளுக்கு எப்பவோ சொல்லிப்போட்டன், தம்பி. மூத்தவள் கெற்றப்போல் கட்டித் தாங்கோ எண்டு கேட்ட அண்டைக்கு. கட்டிக் குடுக்க என்ரை கை வரேல்லை. ஏனெண்டு சொல்ல வேண்டி வந்திட்டுது." அண்ணை தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "உனக்குத்தான் முதல் சொல்லியிருக்க வேணும். நீ அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நானும் கதைக்கேல்லை. சொல்லு. என்ரை பேரையும் சேத்துச் சொல்லு."

இவர் ஓம் என்றார். தண்ணி பாய வேண்டும் என்று அண்ணை சொன்னார். பிறகு இயந்திரத்தின் சத்தம் திரும்பவும் கேட்டது. இவர் நெடுநேரம் அந்த அணைந்த திரையைக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் மரியாவிடம் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கண் என்று கேட்டதும் மரியா நெஞ்சில் கையை வைத்து, தாழ்ந்த குரலில், "கிரீக்?" என்றாராம். யுத்தமா என்று கேட்கிறார். எங்கள் முகத்தில் ஒரு காயத்தைக் கண்டால் இவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது, அதில் பிழையுமில்லை. இவர், "நேய். மின் புரூர். மங்கோ" என்று சொல்லியிருக்கிறார். இல்லை, என் அண்ணன், மாங்காய். மரியா கவலைப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே நின்றாராம். பிறகு பனிச்சறுக்கில் தன் தம்பி இடித்து, தனக்கு முன்பல் உடைந்த கதையைச் சொன்னாராம். மிஞ்சியிருந்த பழைய கார் ஒன்றின் திறப்பை அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். மத்தியானம் இவர் பாறை மேட்டுக்கு ஏறியபோது சிக்னே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் கூப்பிடாமலே இவர் என் அலுவலகத்துக்கும் வந்தார். நல்ல சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். சோதனைக்கூடத்தில் சக்கரம் இல்லாத காரின் முன்பாதி ஒன்று இருக்கிறது. அதில் உட்கார வைத்தார்கள். உல்ரிக்கா எப்படி நேர்ந்தது என்று கேட்டார். இவர் மாமரத்தையும் மதிலையும் தவராசா அண்ணையின் பெயரையும் சொன்னார். உல்ரிக்கா உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார். இவர் பதறிப்போய், பயப்படுத்திவிட்டேனா, மன்னிக்க வேண்டும் என்றார். உல்ரிக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வடக்கில் அப்படி மூச்சை இழுத்தால் ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம் என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இவருடைய தோள் இறங்கியது.

மேலே பார், கீழே பார், காரின் பக்கக் கண்ணாடியைப் பார் என்று வேலை நீண்டது. கண்ணாடிக் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளிதான் கமராவைக் குழப்புகிறது என்று இளம் பொறியியலாளர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். அது இல்லாவிட்டால் என்ன தெரியும் என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை. கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இவர் அதை விளங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தமிழில், "கழட்டிப் பாப்பமோ?" என்றார். நான் பதில் சொல்ல முன்னரே குனிந்து கழற்றி, கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசித் துவாலையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். அந்த முகத்தை நானும் அன்றைக்குத்தான் முழு வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் அவருடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

திருத்தம் எளிமையானது. இரண்டு கண்களும் தொடர்ந்து ஒத்துப்போகாவிட்டால், அசையும் கண்ணை மட்டும் நம்ப வேண்டும். ஓட்டுநர் விரும்பினால் தானே ஒரு தரம் காருக்குச் சொல்லியும் வைக்கலாம். அவர் எந்தக் காரில் ஏறினாலும் அந்தச் சேதி அவருடன் வர வேண்டும். ஆனால் எந்த அலுவலகத் திரைக்கும் போகக்கூடாது. அது என் பகுதி. மேலாளர்களுக்கும் தெரிந்தால் நல்லதுதானே என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். எப்போது, யாருக்குச் சொல்வது என்பது அவரவர் விடயம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வழக்கமாக நான் அப்படிக் கதைப்பதில்லை. உல்ரிக்கா மேசைக்கு அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுத்தார். வசந்தம் தொடங்கியபோது அந்தத் திருத்தம் காற்றின் வழியே, நிறுத்தி வைத்திருந்த கார்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் புதிய காரை எடுத்துப் போய்விட்டு வந்தவர், "ஒண்டுமே கதைக்கேல்லை" என்றார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்த மாதிரிப்பட்டது.

ஓகஸ்ட் மாதம் ஊருக்குப் போனோம். தவராசா அண்ணையின் மூத்த மகள் கணினி படிக்கிறாள். "சித்தி, உங்கடை கார் இஞ்சை ஓடுமோ?" என்று வந்த அன்றைக்கே கேட்டாள். இப்போதைக்கு ஓடாது என்றேன். அது வீதியில் வெள்ளைக் கோடு தேடும். எங்கள் ஒழுங்கைகளில் வேலிதான் கோடு. எதிரே வருகிறவர் தலையைக் கொஞ்சம் சரித்தால் நீ முதலில் போ என்று பொருள். அதைப் படிக்க நாங்கள் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் நான் படித்து முடித்துக் கற்றுக்கொடுக்கிறேன் என்றாள். சகோதரர்கள் இரண்டு பேரும் மாங்காயைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ கதைத்ததை நான் காணவில்லை. ஆனால் முந்திய பயணங்களில் ஒருவர் விறாந்தையில் இருந்தால் மற்றவர் முற்றத்தில் நிற்பார். இந்த முறை ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டார்கள்.

ஒரு விடியற்காலை சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஊரில் ஓடுவதற்கு எடுத்து வைத்திருந்த தற்காலிக அனுமதி இருந்தபடியால், அண்ணையின் பழைய வானை இவர் ஓட்டினார். நான் பின்னால் மூட்டைகளோடு இருந்தேன். சுவீடனில் சாரதி இடப்பக்கம் இருப்பார். நான் அவருடைய பார்க்கும் பக்கத்தில் இருப்பேன். இங்கே சாரதிக்கு வலப்பக்கம். அண்ணை ஏறி உட்கார்ந்தது தம்பிக்குத் தெரியாத பக்கத்தில். மல்லாகத்தில் பெரிய வீதிக்கு ஏறும் இடத்தில் வான் நின்றது. அங்கே சுவீடனில் ஒவ்வொரு சந்தியிலும் இவர் கழுத்தைத் தோள் வரைக்கும் திருப்பித்தான் இடப்பக்கம் பார்ப்பார். இரவில் கழுத்துக்குத் தைலம் பூசச் சொல்லி என்னிடம் வருவார். இங்கே கழுத்து அசையவில்லை. வலப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் வருது, போக விடு" என்றார் அண்ணை. "சைக்கிள் ஒண்டு. ம், இப்ப எடு."

இவர் எடுத்தார். திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணை மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். இடையிடையே, வேறு யாருக்கோ சொல்வது மாதிரி, இடப்பக்கத்தைச் சொல்லிக்கொண்டும் வந்தார். மாடு நிக்குது. வெறும் றோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளையள், மெல்லமா. அது இன்றைக்குத் தொடங்கிய பழக்கமாக எனக்குத் தெரியவில்லை. கண் போன பிறகு முதன்முதல் சைக்கிளில் ஏறிய நாளிலிருந்தே அந்தக் குரல் அவருடைய இடப்பக்கத்தில் ஓடியிருக்க வேண்டும். அடுத்த கிழமை விமானம் ஏறுவோம். அங்கே அந்தப் பக்கத்தில் கதவுக் கண்ணாடிதான் இருக்கும்.

சந்தை வாசலில் அண்ணை இறங்கி மூட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இடப்பக்கக் கதவு திறந்தபடியே கிடந்தது. பின்னால் ஒரு லொறி ஹோண் அடித்தது. நகரலாம், முன்னால் இடம் இருக்கிறது என்று நானும் சொன்னேன். என் கணவர் ஸ்ரேரிங்கில் கையை வைத்தபடி, இயந்திரத்தை நிறுத்தாமல், அண்ணை வந்து ஏறும் வரைக்கும் அப்படியே இருந்தார்.